இணையச் செயலியின் முகவரி: உருவாக்கச் சர்வரும் நடைமுறைச் சர்வரும்

பள்ளியின் வருகைப் பதிவேடு, தடுப்பூசிக் கணக்கு, மண் பரிசோதனை விவரம் ஆகியன இப்போது பெரும்பாலும் இணையச் செயலிகளின் வாயிலாகவே பதியப்பெறுகின்றன. இச்செயலிகளை முழுவதும் தாமே எழுதாவிடினும், அவற்றைச் சிறிது திருத்தியும் சோதித்தும் பிறருக்குக் கற்பித்தும் வரும் பொறுப்பு ஆசிரியர் பலருக்கும் களப் பணியாளர் பலருக்கும் ஏற்பட்டுள்ளது. சோதனை யந்திரத்தில் குறைவின்றி இயங்கிய செயலி, மக்கள் பயன்படுத்தும் சர்வருக்கு மாற்றப்பட்டவுடன் படங்களை இழந்தும் இணைப்புகள் அறுந்தும் நிற்பது இவர்கள் அடிக்கடி காணும் காட்சியாகும். இதற்குரிய காரணங்களில் முதன்மையானது முகவரிப் பொருத்தமின்மையே. அதன் தன்மையையும் அதனை நீக்கும் முறைகளையும் இப்பாடத்தில் காண்போம்.

1. இருவேறு சர்வர்கள்

செயலியை எழுதுவதற்கும் திருத்துவதற்கும் உரிய யந்திரத்தை உருவாக்கச் சர்வர் என்றும், மக்கள் நாள்தோறும் பயன்படுத்தும் யந்திரத்தை நடைமுறைச் சர்வர் என்றும் இங்கு வழங்குவோம். உருவாக்கச் சர்வர் பெரும்பாலும் நம் மேசை மீதுள்ள கணினியே ஆகும். அதில் நேரும் பிழை எவரையும் பாதிப்பதில்லை. நடைமுறைச் சர்வரில் நேரும் பிழையோ உண்மையான மாணவரையும் உண்மையான விவசாயியையும் பாதிக்கும்.

இவ்விரண்டின் முகவரிகளும் குழம்புமாயின் விளையும் தீங்கு இருவகைப்படும். முதலாவது, இணைப்பு அறுதல். இது கண்ணுக்குத் தெரியும், ஆகையால் விரைவில் திருத்தப்படும். இரண்டாவது, தவறான சர்வருக்கே இணைப்பு ஒழுங்காகச் செல்லுதல். இது கண்ணுக்குத் தெரியாது. நடைமுறைப் பக்கத்திலுள்ள ஒரு படிவம் சோதனைத் தரவுத்தளத்திற்கே விவரங்களை அனுப்பிக்கொண்டிருந்தால், பணியாளர் ஒரு வாரம் உழைத்துப் பதிந்த கணக்கு உரிய இடத்தைச் சென்று சேராது. "பதிவு நிறைவேறியது" என்ற சொற்றொடர் மட்டும் திரையில் தோன்றும். எனவே இரண்டாவதே பெருந்தீங்கு எனக் கொள்க.

2. முகவரியின் உறுப்புகள்

இணைய முகவரியின் அமைப்பு 1994 ஆம் ஆண்டு டிசம்பரில் ஆர்.எஃப்.சி. 1738 என்னும் ஆவணத்தில் வரையறுக்கப்பெற்றது. அதனை இயற்றியோருள் வைய விரிவு வலையைத் தோற்றுவித்த டிம் பெர்னர்ஸ்-லீயும் ஒருவர். பின்னர் 2005 ஆம் ஆண்டு ஜனவரியில் வெளிவந்த ஆர்.எஃப்.சி. 3986 பொது இலக்கணத்தைத் திருத்தி வகுத்தது. ஒரு முகவரியை எடுத்துக்கொள்வோம். படிப்போர் வசதிக்காக இப்பாடத்தில் முகவரிகள் தமிழெழுத்தில் தரப்படுகின்றன.

எச்டிடிபி://லோக்கல்ஹோஸ்ட்:8080/பள்ளி/மாணவர்/பட்டியல்?வகுப்பு=7

இதில் "எச்டிடிபி" என்பது நெறி. "லோக்கல்ஹோஸ்ட்" என்பது யந்திரத்தின் பெயர்; இப்பெயர் எப்போதும் நம் கணினியையே குறிக்கும். 8080 என்பது போர்ட் எண். "/பள்ளி/மாணவர்/பட்டியல்" என்பது வழி. கேள்விக்குறிக்குப் பின் வருவது வினவுப் பகுதி. எச்டிடிபி நெறிக்கு 80, எச்டிடிபிஎஸ் நெறிக்கு 443 என்னும் போர்ட் எண்கள் இயல்பாகவே கொள்ளப்படுவதால், அவற்றை முகவரியில் எழுத வேண்டுவதில்லை.

இதே பக்கம் நடைமுறைச் சர்வரில் பின்வரும் முகவரியைப் பெறுகின்றது எனக் கொள்வோம்.

எச்டிடிபிஎஸ்://உதாரணம்.பரிட்சை/மாணவர்/பட்டியல்?வகுப்பு=7

"உதாரணம்.பரிட்சை" என்பது கற்பனைப் பெயரன்று. இணையப் பெயர்களை நிருவகிக்கும் ஐகான் அமைப்பு, ஆங்கில எழுத்தல்லாத பெயர்கள் இணையத்தில் செம்மையாக இயங்குகின்றனவா என அறிய 2007 ஆம் ஆண்டில் 11 மேல்நிலைப் பெயர்களைச் சோதனைக்காக நிறுவியது. அவற்றுள் தமிழுக்கு உரியதாய் அமைந்தது "பரிட்சை". சோதனை முடிந்தபின் 2013 ஆம் ஆண்டில் அப்பெயர்கள் நீக்கப்பட்டன. இன்று எவரது தளத்தையும் அது குறிக்காமையால் பாடத்திற்கு உகந்தது.

மேற்கண்ட இரு முகவரிகளையும் ஒப்பிட்டால் நான்கு வேறுபாடுகள் புலனாகும்: நெறி, யந்திரப் பெயர், போர்ட் எண், வழியின் முன் நிற்கும் "பள்ளி" என்னும் கோப்புறை. முதல் மூன்றும் தவிர்க்க இயலாதவை. நான்காவது தவிர்க்கத்தக்கது, அதுவே மிகுந்த தொல்லை தருவதும் ஆகும். காரணத்தை அடுத்துக் காண்போம்.

3. மூவகை இணைப்புகள்

பக்கத்தினுள் இணைப்புகளை மூன்று வகையில் எழுதலாம்.

முழு இணைப்பு: நெறி தொடங்கி வழி முடிய யாவற்றையும் எழுதுவது. உருவாக்கச் சர்வரின் முழு இணைப்பு நடைமுறைச் சர்வரிலும் அப்படியே நின்றுவிடின், பயனாளியின் உலாவி அவருடைய சொந்தக் கணினியிலேயே அப்பக்கத்தைத் தேடிப் பார்த்துத் தோல்வியுறும். இதில் ஒரு நுட்பம் உண்டு: எழுதியவரின் கணினியில் மட்டும் அவ்விணைப்பு ஒழுங்காகத் திறக்கும். ஆகவே அவர் பிழையை உணர்வதே இல்லை.

வேர் இணைப்பு: சாய்கோட்டில் தொடங்குவது. "/மாணவர்/பதிவு" என எழுதினால் உலாவி நெறியையும் யந்திரப் பெயரையும் போர்ட் எண்ணையும் நடப்புப் பக்கத்திலிருந்து எடுத்துக்கொண்டு, வழியை மட்டும் வேரிலிருந்து தொடங்கும். நடைமுறைச் சர்வரில் இது சரியான பக்கத்தை அடையும். உருவாக்கச் சர்வரிலோ "பள்ளி" என்னும் கோப்புறை விடுபட்டுவிடுவதால் பக்கம் கிடைக்காது. "/பள்ளி/மாணவர்/பதிவு" என எழுதினால் நிலைமை தலைகீழாகும்.

சார்பு இணைப்பு: நடப்புப் பக்கத்தின் இடத்தைச் சார்ந்தது. பட்டியல் பக்கத்தில் "பதிவு" என்று மட்டும் எழுதினால், நடப்பு வழியின் இறுதிச் சாய்கோட்டுக்குப் பின்னுள்ளதை நீக்கி, அவ்விடத்தில் "பதிவு" என்பதை உலாவி அமைக்கும். இது இரு சர்வர்களிலும் சரியாகவே செல்லும். ஆயினும் பட்டியல் பக்கத்தின் முகவரி "/மாணவர்/பட்டியல்/" எனச் சாய்கோட்டில் முடியுமாயின், அதே இணைப்பு "/மாணவர்/பட்டியல்/பதிவு" என்றாகிப் பிழைபடும். ஒரு சர்வர் இறுதிச் சாய்கோட்டைச் சேர்த்தும் மற்றொன்று சேர்க்காமலும் இருக்கும்படி அமைந்துவிடுவது உண்டு. ஆதலால் சார்பு இணைப்பை மட்டுமே நம்புவதும் போதாது.

4. வழியை ஒன்றாக்குதல்

மேற்கூறியவற்றிலிருந்து ஒரு விதி பெறப்படுகின்றது: இரு சர்வர்களிலும் வழி ஒன்றாகவே இருத்தல் வேண்டும், யந்திரப் பெயர் மட்டும் வேறுபடலாம்.

இதனை நிறைவேற்ற, செயலியைக் கோப்புறையினுள் வைக்காமல் அதற்கெனத் தனி யந்திரப் பெயர் ஒன்றைத் தருதல் வேண்டும். ஒரே கணினி பல பெயர்களைத் தாங்கவல்லது. 1997 ஆம் ஆண்டு ஜனவரியில் வெளிவந்த எச்டிடிபி 1.1 நெறியின்படி, உலாவி ஒவ்வொரு வேண்டுகோளிலும் தான் நாடும் யந்திரப் பெயரைக் குறிப்பிடுதல் கட்டாயமாயிற்று. அப்பெயரைக் கண்டு சர்வர் எந்தச் செயலியைத் தருவதென முடிவு செய்கின்றது. அப்பாச்சி முதலிய சர்வர் மென்பொருள்களில் இவ்வசதி "வர்ச்சுவல் ஹோஸ்ட்" எனப்படும்.

செய்முறை இரு படிகளைக் கொண்டது. முதலில் கணினியிலுள்ள "ஹோஸ்ட்ஸ்" என்னும் கோப்பில் 127.0.0.1 என்ற எண்ணையும், அதன் எதிரே "பள்ளி.டெஸ்ட்" என்ற பெயரையும் ஆங்கில எழுத்தில் பதிய வேண்டும். பின்னர்ச் சர்வரின் அமைவுக் கோப்பில் அப்பெயருக்குரிய கோப்புறையைக் குறிக்க வேண்டும். இப்போது செயலி "எச்டிடிபி://பள்ளி.டெஸ்ட்/மாணவர்/பட்டியல்" என்னும் முகவரியில் தோன்றும். வழி இரு சர்வர்களிலும் ஒன்றாகிவிட்டமையால் வேர் இணைப்புகள் யாவும் மாற்றமின்றி இயங்கும்.

இம்முறையால் மற்றொரு நன்மையும் உண்டு. உலாவி சேமித்து வைக்கும் குக்கீ போர்ட் எண்ணை வேறுபடுத்திப் பார்ப்பதில்லை. லோக்கல்ஹோஸ்ட் என்ற ஒரே பெயரில் 8080, 3000 என்னும் இரு போர்ட்டுகளில் இரு செயலிகள் இயங்கினால், ஒன்றின் குக்கீ மற்றொன்றுக்கும் செல்லும். ஒன்றில் நுழைந்தவுடன் மற்றொன்றிலிருந்து வெளியேற்றப்படும் விந்தையும் நிகழக்கூடும். தனிப் பெயர் தந்தால் இக்குழப்பம் நீங்கும்.

5. சோதனைப் பெயரைத் தேர்ந்தெடுத்தல்

சோதனைக்கு எப்பெயரையும் வைத்துக்கொள்ளலாம் என எண்ணுதல் தவறு. 1999 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் வெளிவந்த ஆர்.எஃப்.சி. 2606, "டெஸ்ட்", "எக்ஸாம்பிள்", "இன்வேலிட்", "லோக்கல்ஹோஸ்ட்" என்னும் நான்கு மேல்நிலைப் பெயர்களை இத்தகைய தேவைகளுக்கென ஒதுக்கியுள்ளது. இவை எவருக்கும் விற்கப்படமாட்டா.

இவ்விதியைப் புறக்கணித்து, "டெவ்" என்ற முடிவைப் பலர் சோதனைப் பெயராக உபயோகித்து வந்தனர். பின்னர் அப்பெயர் உண்மையான மேல்நிலைப் பெயராகிக் கூகுள் நிறுவனத்தின் பொறுப்பில் சேர்ந்தது. 2017 ஆம் ஆண்டு டிசம்பரில் வெளிவந்த குரோம் உலாவியின் 63 ஆம் பதிப்பு, "டெவ்" என முடியும் பெயர்கள் யாவற்றையும் எச்டிடிபிஎஸ் நெறியிலேயே திறக்கத் தொடங்கியது. அதனால் அப்பெயரில் சாதாரண எச்டிடிபி நெறியில் இயங்கிய சோதனைச் செயலிகள் ஒரே நாளில் திறவாமற்போயின. ஒதுக்கப்பட்ட பெயரைக் கைக்கொண்டோருக்கு இச்சிரமம் நேரவில்லை.

இங்குக் களப் பணியாளர் கருதவேண்டிய மற்றொரு குறிப்பு உண்டு. பயனாளியின் இருப்பிடத்தை அறிதல், படப்பெட்டியை இயக்குதல் முதலிய வசதிகளை உலாவிகள் பாதுகாப்பான முகவரிகளுக்கு மட்டுமே அளிக்கின்றன. லோக்கல்ஹோஸ்ட் என்ற பெயர் எச்டிடிபி நெறியிலும் பாதுகாப்பானதாகக் கருதப்படும், "பள்ளி.டெஸ்ட்" அவ்வாறு கருதப்படாது. ஆகவே இவ்வசதிகளைப் பயன்படுத்தும் செயலிக்குச் சோதனைப் பெயரிலும் எச்டிடிபிஎஸ் நெறியை அமைத்துக்கொள்ளுதல் நலம்.

6. அடிமுகவரியை ஓரிடத்தில் வைத்தல்

வழியை ஒன்றாக்கிய பின்பும் முழு முகவரி தேவைப்படும் இடங்கள் சில உண்டு. மின்னஞ்சலில் அனுப்பும் இணைப்பு, அச்சிடும் கியூ.ஆர். குறி, குறுஞ்செய்தியில் செல்லும் முகவரி ஆகியவற்றைச் சார்ந்து நிற்க நடப்புப் பக்கம் என ஒன்று இல்லை. கடவுச்சொல்லை மறந்த பெற்றோருக்குச் செல்லும் மடலில் "லோக்கல்ஹோஸ்ட்" என்று இருக்குமாயின் அவர் செய்வதறியாது திகைப்பார்.

இதற்காக, நெறியும் யந்திரப் பெயரும் அடங்கிய அடிமுகவரியைச் செயலியின் நிரலில் எங்கும் எழுதாமல், அமைவில் ஓரிடத்தில் மட்டும் வைத்தல் வேண்டும். சர்வருக்குச் சர்வர் மாறுபடுவன எவையோ அவை அமைவு, மாறாதவை நிரல். அமைவைச் சூழல் மாறிகளில் வைக்கவேண்டும் என்பது, ஹெரோக்கு நிறுவனத்தைச் சேர்ந்த ஆடம் விக்கின்ஸ் 2011 ஆம் ஆண்டில் தொகுத்து வெளியிட்ட பன்னிரு நெறிகளுள் ஒன்றாகும். அமைவு அந்தந்தச் சர்வரிலேயே தங்கும். நிரல் மட்டும் பயணம் செய்யும்.

அடிமுகவரியை உலாவி அனுப்பும் யந்திரப் பெயரிலிருந்தே எடுத்துக்கொண்டால் அமைவே தேவையில்லையே எனச் சிலர் வினவலாம். பக்கத்தினுள் காட்டும் இணைப்புக்கே இது ஐயத்துக்கு இடமானது; மின்னஞ்சலுக்கு ஒருபோதும் ஆகாது. அப்பெயரை அனுப்புபவர் எதிரே உள்ளவர்; அவர் பொய்ப் பெயரையும் அனுப்பக்கூடும். தீயவன் ஒருவன் வேறொருவருக்குரிய கடவுச்சொல் மாற்ற மடலைக் கோரி, அவ்வேண்டுகோளில் தன் தளத்தின் பெயரை வைப்பானாயின், மடலிலுள்ள இணைப்பு அவன் தளத்தையே சுட்டும். பெறுபவர் அதனை அழுத்தியவுடன் இரகசியக் குறி அவனிடம் சென்றுவிடும். எனவே அடிமுகவரி அமைவிலிருந்தே வருதல் வேண்டும்.

7. தரவுத்தளத்தில் புதைந்த முகவரிகள்

நிரலைத் திருத்தியபின்பும் பழைய முகவரி தோன்றுவதுண்டு. அது தரவுத்தளத்தில் உறைந்திருப்பதே காரணம். பள்ளித் தளங்கள் பலவற்றுக்கு அடிப்படையான வேர்ட்பிரஸ் மென்பொருளை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அது தன் முகவரியைத் தரவுத்தளத்தின் "ஆப்ஷன்ஸ்" அட்டவணையில் "சைட்யூஆர்எல்", "ஹோம்" என்னும் இரு இடங்களில் சேமிக்கின்றது. அன்றியும் கட்டுரைகளில் சேர்த்த படங்களின் முழு முகவரியும் கட்டுரையோடு சேர்ந்தே பதிவாகின்றது.

இவற்றை உரைத் திருத்தியில் தேடி மாற்றுவது எளிதெனத் தோன்றும். ஆனால் அதில் ஆபத்துண்டு. பி.எச்.பி. மொழி சில அமைவுகளைத் தொடராக்கிச் சேமிக்கும்போது, ஒவ்வொரு சொல்லின் முன்பும் அதன் நீளத்தைக் குறித்து வைக்கின்றது. லோக்கல்ஹோஸ்ட்டின் எச்டிடிபி முகவரி ஆங்கில எழுத்தில் 16 குறிகள் கொண்டது. அதனை 11 எழுத்துப் பெயருள்ள எச்டிடிபிஎஸ் முகவரியாக மாற்றினால் நீளம் 19 ஆகும். முன்னுள்ள எண்ணோ 16 என்றே நிற்கும். எண்ணும் சொல்லும் பொருந்தாமையால் அவ்வமைவு முழுவதையும் படிக்க இயலாது போகும். ஆகவே நீளத்தையும் சேர்த்துத் திருத்தவல்ல கருவியையே உபயோகிக்க வேண்டும். வேர்ட்பிரஸின் கட்டளைவரிக் கருவியான டபிள்யூ.பி.-சி.எல்.ஐ.யில் இதற்கெனத் தேடி மாற்றும் கட்டளை உள்ளது. மாற்றுமுன் தரவுத்தளத்தின் பிரதி ஒன்றை எடுத்து வைத்தல் இன்றியமையாதது.

8. எழுத்து வேறுபாடுகள்

விண்டோஸ் கணினியில் கோப்பின் பெயரிலுள்ள ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் இயல்பாக ஒன்றாகவே கொள்ளப்படும். லினக்ஸ் சர்வரில் அவை வெவ்வேறு. ஆகையால் உருவாக்கச் சர்வரில் தோன்றிய படம் நடைமுறைச் சர்வரில் மறைந்துபோகலாம். கோப்புப் பெயர்கள் யாவற்றையும் சிறிய எழுத்திலேயே எழுதுவது இதற்கு எளிய பரிகாரம்.

தமிழில் பெரிய எழுத்துச் சிறிய எழுத்து வேறுபாடு இல்லை; ஆயினும் வேறொரு நுட்பம் உண்டு. "கொ" என்னும் எழுத்தை யூனிகோடு முறையில் இரு வகையாக அமைக்கலாம்: ககரத்துடன் ஒகரக் குறியை ஒரே குறியாகச் சேர்ப்பது ஒன்று, ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியே சேர்ப்பது மற்றொன்று. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, யந்திரத்திற்கு வெவ்வேறு. ஆப்பிள் கணினிகளின் பழைய கோப்பு முறையான எச்.எஃப்.எஸ். பிளஸ், பெயர்களைப் பிரித்த வடிவிலேயே சேமித்தது. அங்கிருந்து லினக்ஸ் சர்வருக்குச் சென்ற "கொடி" என்னும் படத்தை, நிரலில் சேர்ந்த வடிவில் எழுதிய "கொடி" கண்டுபிடிக்காது. கோப்புக்குத் தமிழ்ப் பெயர் வைப்போர் இதனை நினைவிலிருத்தல் வேண்டும்.

9. நெறி மாற்றமும் முன்னிலைச் சர்வரும்

எச்டிடிபிஎஸ் நெறியில் வந்த பக்கத்தில் எச்டிடிபி நெறியில் அழைக்கப்படும் நிரல் துண்டுகள் இருப்பின், உலாவி அவற்றைத் தடுத்துவிடும். பக்கம் தோன்றியும் பொத்தான்கள் இயங்காமலிருப்பதற்கு இது காரணமாகலாம்.

நடைமுறையில் பல இடங்களில், மக்களை எதிர்கொள்ளும் முன்னிலைச் சர்வர் ஒன்றும், அதன் பின்னே செயலியை இயக்கும் சர்வர் ஒன்றும் இருக்கும். மறைகுறியாக்கம் முன்னிலைச் சர்வரோடு முடிந்துவிடின், பின்னுள்ள செயலி தன்னை எச்டிடிபி நெறியில் அழைத்ததாகவே கருதும். கருதி, "எச்டிடிபிஎஸ் நெறியில் வருக" எனத் திருப்பியனுப்பும். திரும்பி வந்த வேண்டுகோளும் அவ்வாறே தோன்றும். இச்சுழற்சி முடிவின்றி நிகழும். உண்மையான நெறியை முன்னிலைச் சர்வர் ஒரு தலைப்புக் குறிப்பில் எழுதி அனுப்புமாறும், செயலி அதனை அச்சர்வரிடமிருந்து வந்தால் மட்டுமே நம்புமாறும் அமைத்தல் வேண்டும்.

பழைய முகவரியைப் புதியதற்குத் திருப்பும்போது 301, 302 என்னும் குறிகளின் வேற்றுமையையும் அறிதல் நன்று. 301 நிரந்தர மாற்றம்; உலாவி இதனை நினைவில் வைத்துக்கொள்ளும். 302 தற்காலிக மாற்றம். சோதனைக் காலத்தில் 302 ஐயே உபயோகித்து, யாவும் சரியெனத் தேர்ந்தபின் 301 க்கு மாறுவது முறை. தவறான 301 ஐச் சர்வரில் நீக்கினாலும் சில பயனாளிகளின் உலாவிகளில் அது நீடிக்கக்கூடும்.

10. இடம் மாற்றுமுன் சோதனை

நிரலிலும் தரவுத்தளப் பிரதியிலும் "லோக்கல்ஹோஸ்ட்", "127.0.0.1", "டெஸ்ட்" என்னும் சொற்களைத் தேடுக. மாற்றியபின், செயலியை எழுதிய கணினியில் அன்றி வேறொரு கணினியிலோ கைப்பேசியிலோ திறந்து பார்க்க. ஒவ்வொரு படிவத்திலும் ஒரு பதிவைச் செய்து, அது நடைமுறைத் தரவுத்தளத்தைச் சேர்ந்ததா எனக் கண்டறிந்து, பின் அப்பதிவை நீக்குக. கடவுச்சொல் மாற்ற மடல் ஒன்றை வருவித்து அதன் இணைப்பைப் படிக்க. உருவாக்கச் சர்வரின் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் "இது சோதனைத் தளம்" என்னும் வண்ணப்பட்டை தோன்றுமாறு அமைக்க. அதனை இயக்குவதும் அமைவாகவே இருத்தல் வேண்டும்.

இவற்றுள் ஒன்றும் மிகுந்த கல்வியை வேண்டுவதன்று, ஒழுங்கையே வேண்டுவது. மழையிலும் வெயிலிலும் ஊர் ஊராகச் சென்று திரட்டிய விவரம் உரிய இடத்தைச் சேர்வது இவ்வொழுங்கைப் பொறுத்தே உள்ளது. ஆசிரியர்கள் இதனை மாணவர்க்குக் கற்பிக்கையில், முதலில் ஓர் இணைப்பை வேண்டுமென்றே பிழைபட எழுதிக் காட்டி, உலாவி எந்த முகவரியை நாடுகின்றது என மாணவரையே கண்டுபிடிக்கச் செய்தல் பயன் தரும்.

பயிற்சி வினாக்கள்

1. "எச்டிடிபி://லோக்கல்ஹோஸ்ட்:8080/பள்ளி/வருகை/ஜூன்" என்னும் பக்கத்தில் "../மாணவர்/பதிவு" என்னும் இணைப்பு உள்ளது. அது எவ்வழியை அடையும்?

2. அப்பக்கத்தின் முகவரி இறுதியில் சாய்கோடு பெறின் விடை எவ்வாறு மாறும்?

3. அடிமுகவரியை நிரலில் எழுதாது அமைவில் வைப்பதன் காரணம் யாது?

விடைகள்: 1. "/பள்ளி/மாணவர்/பதிவு". 2. "/பள்ளி/வருகை/மாணவர்/பதிவு". 3. அது சர்வருக்குச் சர்வர் மாறுபடுவது. நிரல் மாறாமல் இரு சர்வர்களிலும் இயங்குதல் வேண்டும்.